பதினொன்று பதினாலான நாள்

போன மாதம் எங்கள் நீலசந்திரா தெருவின் கடைசி வீட்டில் ஒரு பெண்ணுக்குத் திடீரென்று கால்கள் இரண்டும் ஓய்ந்துவிட்டன. டாக்டர் சொன்ன நோயின் பெயரை மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு அவளுடைய கணவர் என்னைத் தேடி வந்தார். "உங்களுக்கும் இதுதான வந்துச்சி? எப்பிடிங்க இருக்கும்? சரியாப் பூடுமா?" என்று கேட்டார். வாசலில் நின்றபடி தெரிந்ததைச் சொல்லி அனுப்பினேன். பிறகு யோசித்துப் பார்த்தால், நோயைப் பற்றிச் சொன்ன அளவுக்கு அந்த நாட்களில் என் மனசு கெட்டுக் கிடந்ததைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அந்த நோயில் படுத்திருப்பவர்களுக்கு அதுவும் வரும். ஆகவே இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

என் பெயர் செல்வி. பொம்மனஹள்ளியில் வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் கம்பெனியில் செக்கர். தைத்து வரும் சட்டையை மேசையில் விரித்து, காலர், கை, பாக்கெட், பொத்தான் துளை என்று வரிசையாகப் பார்த்து, தப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஒட்ட வேண்டும். நல்ல சட்டை என்று நம்பி எடுத்தால் தப்பு கண்ணில் படாது. எங்கேயோ தப்பு இருக்கிறது என்று நினைத்துத்தான் கையில் எடுக்க வேண்டும். பல வருடம் அப்படிப் பார்த்துப் பார்த்து நான் வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டேன் என்று என் கணவர் ஜான் சொல்வார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த நேரம். கம்பெனி கேன்டீனில் சாப்பிட்ட எதுவோ ஒத்துக்கொள்ளாமல் மூன்று நாள் வயிற்றுப்போக்கு இருந்தது. அது நின்று பத்து நாள் கழித்து பாதங்களில் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு. நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்குக் கால் மரத்துப் போவது புதிதில்லை என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் கம்பெனிப் பேருந்தின் படியில் கால் ஏறவில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். பின்னால் நின்றவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். மத்தியானம் கழிவறையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் கதவைத் தட்டிக் கூப்பிட்டேன்.

சூப்பர்வைசர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்த வாரம் ஒரு பெரிய ஆர்டர் கப்பலுக்குப் போக வேண்டியிருந்தது. "லீவு வேணும்னா கேளு, செல்வி. டிராமா இன்னாத்துக்கு?" என்றார். என்னை முதலில் சந்தேகப்பட்டவர் அவர்தான். கடைசியானவர் அல்ல.

ஜானும் அவருடைய அக்கா ஸ்டெல்லாவும் என்னை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, எங்களோடுதான் இருந்தார். ஒரு நட்சத்திர ஹோட்டலில் ரூம் சுத்தம் செய்யும் வேலை. நான் இந்துப் பெண், தங்கவயல்காரி. ஜான் என்னைக் கட்டிக்கொள்வதில் அவருக்கு இஷ்டமில்லை. கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிடாமல் போனார். அதன் பிறகு நான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். நான் "அண்ணி" என்பேன், அவர் "செல்வி" என்பார், அதற்கு மேல் பேச்சு வளராது.

தகவல் கேட்டு என் அம்மாவும் தங்கவயலிலிருந்து ரயிலேறி அன்று மாலையே வந்துவிட்டாள்.

அந்த ஆஸ்பத்திரி டாக்டர் வெளியே போய் என் வீட்டாரோடு பேசிவிட்டுத் திரும்பி வந்தபோது அவருடைய முகம் மாறியிருந்தது. என் காலைத் தூக்கி, நடிக்கிறேனா என்று பார்ப்பது போலச் சட்டென்று விட்டார். தொடையைக் கிள்ளினார். "பயப்பட ஒண்ணுமில்ல, மனசுல இருக்கறத வெளிய சொல்லுங்க" என்றார். சத்து ஊசி ஒன்று எழுதினார். இரண்டு நாள் அந்த ஊசிதான். மூன்றாம் நாள் கையும் ஓய்ந்தது. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்தது. ஊசி போட வந்த நர்ஸிடம், "சிஸ்டர், எனக்கு என்னமோ ஆவுது, டாக்டரக் கூப்புடுங்க" என்றேன். அவள் கன்னடத்தில் சொன்னாள்: "நிம்ம மனேயவரே ஹேளிதாரல்லா, நாடகா அந்த." உங்கள் வீட்டாரே சொல்லிவிட்டார்களே, நாடகம் என்று.

வீட்டார்! அந்தச் சொல்லைக் கேட்டதும் என் மனசில் ஒரு முகம்தான் வந்தது. டாக்டரோடு பேச வெளியே போனவர்களில் ஸ்டெல்லாவும் இருந்தார். சிவப்பு அம்பை எடுத்து அவர் மேல் ஒட்டிவிட்டேன்.

அன்று மாலை என் குரல் மூக்கடைத்தவள் குரல் மாதிரி ஆனதைக் கேட்ட ஜான், யாரிடமும் கேட்காமல் என்னை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் போட்டார். நரம்பு நோய்களுக்கென்று இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு இளம் பெண் டாக்டர் ரப்பர் சுத்தியால் என் முட்டியில் தட்டினார். ஆரோக்கியமான கால் துள்ளும். என் கால் மரக்கட்டை மாதிரிக் கிடந்தது. அவர் மறுபடி தட்டவில்லை. "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டார். ஜான் பதில் சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

கில்லன் பாரே என்று பெயர் சொன்னார்கள். வயிற்றுக் கிருமியோடு சண்டை போட உடம்பு தயார் செய்த ஆட்கள், கிருமி போன பிறகும் ஓயாமல் நம் நரம்பையே அடிப்பார்கள். மின்கம்பிக்கு மேலே உறை இருப்பது போல நரம்புக்கும் உறை உண்டு. அந்த உறை அரித்துப் போனால் மூளை சொல்வது தசைக்குப் போய்ச் சேராது. "உங்க உடம்புக்கு யார் நம்ம ஆள், யார் எதிரின்னு குழம்பிப் போச்சும்மா" என்று அந்த டாக்டர் சொன்னார். காலில் தொடங்கி மேலே ஏறும். நெஞ்சுக்கு ஏறினால் மூச்சு நின்றுவிடும். பெரும்பாலானவர்களுக்கு மெதுவாகச் சரியாகும் என்றும் சொன்னார். "பெரும்பாலானவர்கள்" என்ற சொல்லை நான் நம்பவில்லை. பெரும்பாலும் நல்ல சட்டைதான் என்று சொல்லி ஒரு சட்டைக் கட்டை நான் ஒருநாளும் பாஸ் செய்ததில்லை.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். நரம்பு வழியாக மின்சாரம் செலுத்தி, அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்தார்கள். சுளீர் சுளீர் என்று இருக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. இதையெல்லாம்விட என்னைப் பயமுறுத்தியது ஓர் எளிய பரிசோதனை. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். வந்த அன்று இருபத்தாறு வரை எண்ணினேன். மறுநாள் காலை பதினெட்டு. மத்தியானம் பதினொன்றில் மூச்சு முடிந்தது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினார்கள். தலைமாட்டில் சுவாச இயந்திரத்தைத் தயாராக வைத்துவிட்டு, கழுத்தில் ஒரு குழாய் வைத்து ரத்தத்தை வெளியே எடுத்து, அதிலிருக்கும் மஞ்சள் நீரை மட்டும் பிரித்துக் கொட்டிவிட்டு, வேறு நீர் கலந்து உள்ளே அனுப்பினார்கள். நம்மை அடிக்கும் ஆட்கள் அந்த மஞ்சள் நீரில்தான் இருக்கிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து தடவை. இயந்திரத்தை என் தொண்டைக்குள் விடும் நிலை வரவில்லை. செலவைப் பற்றி ஜான் என்னிடம் வாயே திறக்கவில்லை. அவருடைய மோட்டார் சைக்கிள் சாவி சட்டைப் பையில் இல்லாததை மட்டும் கவனித்தேன்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு வார்டுக்கு மாற்றினார்கள். ஜன்னலோரக் கட்டில். கழுத்துக்குக் கீழே எல்லாம் என்னுடையது போலவும் இருந்தது, வேறு யாருடையதோ போலவும் இருந்தது. காலை அம்மா வருவாள், கஞ்சியோ ரசம் சோறோ ஊட்டிவிட்டுத் துணி துவைக்கப் போவாள். பத்து மணி வாக்கில் ஸ்டெல்லா வருவார். அவருக்கு மத்தியான ஷிஃப்ட். அவர் கொண்டுவரும் டப்பாவை நான் தொடவில்லை. "பசி இல்ல" என்பேன். அவர் எதுவும் சொல்லாமல் அதை ஜானுக்கு வைத்துவிட்டுப் போவார். சொல்லாமல் போனதும் எனக்கு ஒரு சாட்சியாகவே பட்டது. மடியில் கனம் இல்லாவிட்டால் ஏன் என்று கேட்டிருக்க மாட்டாரா?

ஃபிசியோ மேடம் ஒரு மெத்தென்ற பந்தைக் கொடுத்து, நாளெல்லாம் அமுக்கச் சொன்னார். பந்து உருண்டு உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. நான்காவது தடவை அதை எடுத்துக் கொடுத்த ஸ்டெல்லா, மறுநாள் தன் கைப்பையிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் வயிற்றின் மேல் வைத்தார். உள்ளங்கை அகலத்தில் ஊதா நிற வீடியோ கேம். நடுவில் சின்னத் திரை. இடது பக்கம் கூட்டல் குறி மாதிரி ஒரு பொத்தான், வலது பக்கம் இரண்டு உருண்டைப் பொத்தான்கள்.

"இது ஏது?" என்றேன்.

"ஹோட்டல்ல ஒரு ஜப்பான்காரரு வுட்டுட்டுப் பூட்டாரு. ஆறு மாசம் வெச்சிப் பாத்தாங்க, யாரும் கேக்கல. கண்டெடுத்தவங்களுக்கே குடுத்துருவாங்க."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"போலீஸ் வந்து எங்கிட்ட கேட்டா நான் இன்னா சொல்றது?"

மறுநாள் அவர் வந்ததும் ஒரு மஞ்சள் காகிதத்தை என் தலையணைக்குக் கீழே வைத்தார். ஹோட்டலின் கேட் பாஸ், பொருளை வெளியே எடுத்துப்போக அனுமதிச் சீட்டு. பொருள், ரூம் நம்பர், கண்டெடுத்தவர் பெயர், கையெழுத்து, முத்திரை. முத்திரையை வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்லிப் பார்த்தேன். இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

அதில் இருந்த விளையாட்டு முழுக்க ஜப்பான் எழுத்து. நீலத் தொப்பி போட்ட ஒரு பெண் கையில் சின்ன வாளோடு ஊர் ஊராகப் போகிறாள். காட்டிலும் குகையிலும் எதிரே வருவதையெல்லாம் வெட்டுகிறாள். வெட்ட வெட்ட அவளுடைய பலம் ஏறுகிறது. பலம் எவ்வளவு என்பதை மேலே இரண்டு ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் காட்டும். எனக்குப் படிக்கத் தெரிந்தது அது மட்டும். லெவல் ஒன்று.

செக்கர் கண்ணுக்கு அது துணியை மிச்சம் பிடித்துத் தைத்த சட்டை என்று போகப் போகத் தெரிந்துவிட்டது. ஊருக்கு ஊர் அதே நான்கு வீடுகள், கூரைக்கு மட்டும் வேறு நிறம். அதே கிழவி மூன்று ஊரிலும் கடை வைத்திருக்கிறாள். முதல் குகையும் இரண்டாம் குகையும் ஒரே குகை, பச்சையை அழித்துப் பழுப்பு அடித்திருந்தார்கள். ஒரு கதவைத் திறந்து உள்ளே போய் வெளியே வந்தால் பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஓரிடத்தில் சுவருக்குள்ளேயே நடந்து போக முடிந்தது. காசில்லாமல், அவசரத்தில், நாலைந்து பேர் சேர்ந்து செய்திருப்பார்கள். எவன் பாஸ் செய்தான் இதை என்று நினைத்தேன். வார்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது. நோய் முகத்தையும் பிடித்து, பாதி இன்னும் அசையாததால் அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்குமோ தெரியவில்லை.

திரைக்குள் விளக்கு கிடையாது. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். வெயில் என் கட்டிலில் விழும் சில மணி நேரம்தான் விளையாட்டு. இயந்திரத்தை வயிற்றின் மேல் மடித்த போர்வையில் நிறுத்திக்கொள்வேன். முதல் இரண்டு நாள் கட்டைவிரலால் அமுக்க முடியாமல் கையின் ஓரத்தால் அமுக்கினேன். அவள் சுவரில் முட்டிக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் வலது கட்டைவிரல் ஒரு தடவை அமுங்கியது. வாள் வீசியது. ஒரு பச்சைக் கொழகொழப்பு வெடித்துச் சிதறியது. "அம்மா, அமுக்கிட்டேன்!" என்று கத்தினேன். அம்மா எதை என்று தெரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டாவது ஊரில் பச்சை அங்கி போட்ட ஒருவன் என்னோடு சேர்ந்துகொண்டான். அவன் என்ன சொன்னான் என்று தெரியாது. முகத்தைத் தொப்பியில் மறைத்திருந்தான், எப்போதும் என் முதுகுக்குப் பின்னால் வந்தான். இவன் ஒற்றன், நேரம் பார்த்துக் குத்தப் போகிறான் என்று முடிவு கட்டினேன். அவனை முன்னால் விட முடியுமா என்று எவ்வளவோ முயன்றேன். குகைக்குள் அவன் பாதி நேரம் ஏதாவது ஒரு தூணில் இடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருப்பான். கெட்டவனுக்கு இவ்வளவு மந்தமா என்று தோன்றும். ஆனாலும் நம்பவில்லை.

லெவல் பதினொன்றில் மாட்டிக்கொண்டேன். மூன்றாவது குகையில் கல் முதுகு வண்டு ஒன்று. வேகமாக முட்ட வரும். தாவி விலகி, அது திரும்புவதற்குள் அடி மேல் அடி கொடுக்க வேண்டும். என் விரல் சில அடிக்கு மேல் தளர்ந்துவிடும். நீலத் தொப்பிப் பெண் மல்லாந்து விழுவாள், இசை நிற்கும், பழையபடி குகை வாசல். நான்கு நாள் அதே வண்டிடம் செத்தேன். கை இனிமேல் இவ்வளவுதான் என்று உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வந்து என் கட்டிலருகே ஆங்கிலத்தில் பேசினால், "ஸ்லோ" என்ற சொல் மட்டும் காதில் விழும். மெதுவாகச் சரியாகிறது என்கிறார்களா, மெதுவாக மோசமாகிறது என்கிறார்களா?

தினமும் பதினொரு மணிக்கு என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து ஃபிசியோவுக்குக் கீழே கொண்டு போவார்கள். திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். ஐந்தாம் நாள் திரும்பி வந்து இயந்திரத்தைப் போட்டேன். மேலே பதினான்கு என்று இருந்தது. கண்ணை மூடித் திறந்து பார்த்தேன். பதினான்கேதான்.

ஸ்டெல்லா ஜன்னலோரம் நின்று என் நைட்டியை மடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு இத தொட்டது?"

"நாந்தான். சும்மா பாத்தேன்."

"சும்மா பாத்தா மூணு லெவல் ஏறுமா? இன்னாத்துக்கு அண்ணி எல்லாத்துலயும் உள்ள வர்றீங்க? எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். இதயும் நீங்கதான் செஞ்சீங்கன்னு நாளைக்கு சொல்லிக்காட்டணும், அதான?"

வார்டே திரும்பிப் பார்த்தது. ஸ்டெல்லாவின் காது மடல் சிவந்தது. "சரி, இனிமே தொடல" என்றார். நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "டாக்டர்கிட்ட நாடகம்னு சொன்னது பத்தாதா உங்களுக்கு? மூணு நாள் போச்சு என் உசுரு" என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் மடித்த நைட்டியைக் கட்டில் கால்மாட்டில் வைத்துவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம் அந்த வண்டு ஐந்தே அடியில் செத்தது. சந்தோஷப்படுவதா எரிச்சல்படுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஸ்டெல்லா வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. ஜானைக் கேட்டேன். "டபுள் டூட்டியாம்" என்றார், என் கண்ணைப் பார்க்காமல்.

மூன்றாம் நாள் ஒரு பயிற்சி டாக்டர் கையில் தடித்த ஃபைலோடு வந்து உட்கார்ந்தார். நான் வீட்டுக்குப் போகும் நாள் நெருங்கியதால் எல்லாவற்றையும் சுருக்கி எழுத வேண்டுமாம். தமிழ்க்காரர். "இதுக்கு முன்னாடி எப்பவாவது உங்களுக்கு கால் வராமப் போயிருக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்லையே."

"முதல் ஆஸ்பத்திரி பேப்பர்ல அப்படி எழுதியிருக்கே. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவை ரெண்டு நாள் கால் வரலன்னு படுத்திருந்தாங்க, அப்புறம் அது நடிப்புன்னு தெரிஞ்சுதுன்னு."

"யார் சொன்னாங்கன்னு போட்டிருக்கா?"

அவர் பக்கத்தைத் திருப்பினார். "தகவல் சொன்னவர்... பேஷண்ட்டோட அம்மா."

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தொன்பது வயதில் எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்தார்கள். அப்போதே எனக்கு ஜானைத் தெரியும். பெண் பார்க்க வரும் நாளில் கால் வரவில்லை என்று படுத்துக்கொண்டேன். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. வந்தவர்கள் நோய்க்காரப் பெண் என்று திரும்பிப் போனார்கள். மூன்றாம் நாள் நான் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனதை அம்மா பார்த்தாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. "நல்லா நடிக்கிறடீ" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பேச்சை அதன்பின் நாங்கள் இருவரும் எடுத்ததே கிடையாது. ஜானுக்குக்கூட நான் சொன்னதில்லை. ஸ்டெல்லாவுக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான்.

மாலையில் அம்மா துவைத்த துணியோடு வந்தாள். உட்காரச் சொன்னேன்.

"அந்த டாக்டர்கிட்ட நான் நடிக்கிறேன்னு நீதான் சொன்னியா?"

அம்மாவின் கை துணி மேல் அப்படியே நின்றது. அப்புறம் தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஏம்மா?"

"அந்த டாக்டரு வெளிய வந்து, இது நரம்பு வியாதியாக்கூட இருக்கலாம், அப்பிடி இருந்தா ரொம்ப கஷ்டம்னு சொன்னாரு. எனக்கு ஈரக்கொல நடுங்கிப் போச்சு. அன்னிக்கு நீ படுத்த பாரு, அது ஞாபகம் வந்திச்சி. இதுவும் அதுவா இருந்துடணும் சாமி, எம் பொண்ணு பொய் சொல்றவளாவே இருந்துட்டுப் போவட்டும்னு வேண்டிக்கினேன். வேண்டிக்கினதயே அவர்கிட்ட நெசம்னு சொல்லிட்டேன்."

அவள் அழவில்லை. துணியை மடிக்கத் தொடங்கினாள், மடிப்பு கோணலாக விழுந்தது, பிரித்தாள், மறுபடி மடித்தாள். எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"பக்கத்துலதான நின்னிச்சி. உங்கிட்ட சொல்லிடறேன்னு ரெண்டு வாட்டி கெளம்பனேன். அந்தப் பொண்ணுதான் வேணான்னிச்சி. 'இப்ப அவளுக்கு அம்மா வேணும், என்ன வேணும்னா அப்புறம் பாத்துக்கலாம்'னு சொல்லிச்சி."

ஜானிடம் சொல்லி ஸ்டெல்லாவை வரச் சொன்னேன். மறுநாள் பத்து மணிக்கு வந்தார், டப்பாவோடு. கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"அண்ணி, நான் தப்பா நெனச்சிட்டேன். எல்லாம் தெரிஞ்சி போச்சு. மன்னிச்சிடுங்க."

"சரி வுடு."

"நான் அவ்ளோ பேசினப்போகூட ஏன் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? உங்க அம்மாதான்னு சொல்லிட்டு நான் வூட்டுக்குப் பூடுவேன். அப்புறம் உனக்கு கஞ்சி யாரு ஊட்டுவா? நான் குடுத்தா நீ துன்னமாட்ட."

போர்வை மேல் கிடந்த வீடியோ கேமை எடுத்து, "லெவல ஏன் ஏத்தினீங்க?" என்று கேட்டேன்.

அதற்குத்தான் அவர் தயங்கினார். "உன் கட்ட வெரலு ஆறு வாட்டிக்கு மேல அமுங்கல. பக்கத்துல உக்காந்து எண்ணிக்கினே இருந்தேன். அந்த வண்டு ஒம்போது அடி கேக்குது. நாலு நாளா நீ தோத்துட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கற. எங்க ஹோட்டல் ரிசப்ஷன் பொண்ணக் கேட்டேன். மொத குகைக்குத் திரும்பிப் போயி சின்னச் சின்னதா வெட்டிக்கினே இருந்தா பலம் ஏறும், அப்புறம் அஞ்சு ஆறு அடியிலயே சாவும்னிச்சி. ஒரு மணி நேரம் அதே பச்சக் கொழகொழப்ப வெட்டினேம்மா. கையி வலி எடுத்துப் போச்சு." பிறகு அவசரமாகச் சேர்த்தார்: "வண்ட நான் தொடல. அத நீதான் அடிக்கணும்னு வுட்டு வெச்சேன்."

டப்பாவைத் திறக்கச் சொன்னேன். கறிவேப்பிலை போட்ட தயிர்சோறும் வறுத்த உருளைக்கிழங்கும். கரண்டியை நானே பிடித்தேன். பாதி மடியில் கொட்டியது. மீதியைத் தின்றேன்.

அதன் பிறகு இருவரும் முறை வைத்து ஆடினோம். வெட்டிப் பலம் ஏற்றுவது அவர், பெரிய மிருகங்கள் என் பங்கு. பச்சை அங்கிக்காரன் கடைசிவரை யாரையும் குத்தவில்லை. எட்டாவது ஊரோடு இயந்திரம் ஒருநாள் அணைந்து, மறுபடி போட்டபோது சேமித்தது எல்லாம் போய் லெவல் ஒன்று என்று காட்டியது. உள்ளே இருந்த சின்ன பேட்டரி செத்துவிட்டது என்று ரிசப்ஷன் பெண் சொன்னாளாம். ஸ்டெல்லாவுக்குத்தான் வருத்தம். எனக்கு அதற்குள் பத்து விரலும் வந்துவிட்டன.

கால் வர இன்னும் நாளானது. வீட்டுக்கு வந்து வாரத்துக்கு மூன்று நாள் ஃபிசியோவுக்குப் போனோம். இடது பாதம் இன்றும் முழுதாகத் தூக்காது. படியில் பார்த்து வைக்க வேண்டும். ஏழு மாதம் கழித்து வேலைக்குப் போனேன், உட்கார்ந்து செய்யும் மேசை கொடுத்தார்கள். கடைசி வீட்டுப் பெண்ணுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: மெதுவாக என்றால் உண்மையிலேயே மெதுவாகத்தான். வேறு அர்த்தம் இல்லை.

முதல் தடவை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஃபிசியோ அறையில் இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்குக் கம்பிகள். அம்மா ஒரு பக்கம், ஸ்டெல்லா ஒரு பக்கம் என் அக்குளில் கை கொடுத்து நிறுத்தினார்கள். "இப்ப விடுங்க" என்றார் ஃபிசியோ மேடம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு அடி வைத்தேன். கால் மடங்கவில்லை. இரண்டு, மூன்று. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு லேசாக எப்படி இருக்கும்? பின்னால் யாரோ என் நைட்டியைக் கொத்தாகப் பிடித்துத் தாங்குகிறார்கள். "விடுங்க அண்ணி, புடிக்காதீங்க" என்றேன். பதில் இல்லை. "அம்மா, நீயா?" பதில் இல்லை. கம்பியை இறுக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். இருவரும் கையெட்டாத தூரத்தில், நான் புறப்பட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.